பூவராகனின் அச்சு வேறுபாடுகள்: சேலம், நாமக்கல் சமவெளியில் வழங்கிய பொற்காசுகள் குறித்து

ஆண்டு பொறிக்கப்படாத ஒரு பொற்காசு எந்தக் காலத்தில், எந்த நாணயச்சாலையில், எவ்வளவு அடிக்கப்பட்டது என்பதை அறிய உதவும் சான்றுகள் மிகச் சில. அரசாணைகளும் கணக்கேடுகளும் எஞ்சியிருந்தால் அவை உதவும். அவை இல்லாத இடத்தில் காசே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வாறு சொல்லும் வாய் அதன் அச்சு. நாணயவியலில் அச்சு என்பது உருவமும் எழுத்தும் தலைகீழாகக் குடைந்து வெட்டப்பட்ட எஃகுக் கட்டையைக் குறிக்கும். ஓர் அச்சைப் பட்டடையில் நிலையாகப் பதித்து, அதன்மேல் பொன் வில்லையை வைத்து, மற்றோர் அச்சைக் கையில் பிடித்து வில்லையின்மீது நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பதே பழைய முறை. அடியை நேரடியாகத் தாங்கும் மேல் அச்சு விரைவில் தேயும், பிளக்கும். கீழ் அச்சு சற்று நீடிக்கும். தேய்ந்ததற்கு மாற்றாகப் புதிய அச்சை வெட்டும் கைவினைஞர் பழையதை அப்படியே திரும்ப உருவாக்க இயலாது. ஒரு புள்ளி விலகும், ஒரு கோடு நீளும், ஓர் எழுத்து சாயும். இந்தச் சிறு விலகலே அச்சு வேறுபாடு எனப்படுவது.

மூன்று சொற்களைப் பிரித்தறிவது இங்கே தேவை. ஒரே உருவமும் ஒரே எழுத்தும் உடைய காசுகள் அனைத்தும் ஒரு வகை. அந்த வகைக்குள் அச்சின் விவரங்களால் பிரிவன உள்வகைகள். ஒரே அச்சு புதிதாக இருந்தபோதும், வெடிப்பு விட்ட பிறகும், வெடிப்பைத் தேய்த்துச் சரிசெய்த பிறகும் அடித்த காசுகள் தம்முள் வேறுபடுவது அச்சின் நிலை. உள்வகை எத்தனை அச்சுகள் இருந்தன என்பதைக் காட்டும். நிலை அவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்பதைக் காட்டும்.

இந்த முறை மிக நுட்பமாக வளர்ந்திருப்பது அமெரிக்கப் பொற்காசு ஆய்வில். சேலம் நாட்டு வரலாற்றோடு அதற்கு ஒரு கால ஒற்றுமையும் உண்டு. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையால் திப்பு சுல்தானின் பாராமகாலும் சேலம் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அதற்கு அடுத்த ஏப்ரலில் பிலடெல்பியாவில் நாணயச்சாலை அமைக்க அமெரிக்கச் சட்டம் பிறந்தது. அங்கே 1795இல் முதல் பொற்காசுகள் வெளிவந்தன. அந்த அச்சுகளில் எழுத்துகள், எண்கள், விண்மீன்கள் ஆகியவற்றைத் தனித்தனி உளிமுத்திரைகளால் கையால் அடித்துப் பதித்தார்கள்; ஆகவே ஒவ்வோர் அச்சும் சற்றே வேறுபட்டது. 1795ஆம் ஆண்டுப் பத்து டாலர் காசின் பின்புறத்தில் கழுகு பற்றியிருக்கும் கிளையில் பெரும்பாலும் 13 இலைகள் இருக்க, ஓர் அச்சில் மட்டும் 9 இலைகளே உள்ளன. அந்த உள்வகை மிக அரியது. 1798ஆம் ஆண்டுப் பத்து டாலர் காசில் 1797 என்ற எண்ணின் கடைசி 7இன் மேல் 8 அடிக்கப்பட்டிருக்கிறது. அதன் 13 விண்மீன்களும் ஓர் அச்சில் இடப்பக்கம் 9, வலப்பக்கம் 4 எனவும், இன்னோர் அச்சில் 7, 6 எனவும் பிரிந்து நிற்கின்றன. ஹாரி பாஸ் என்பவரின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு ஜான் டேன்ராய்தர் 2006இல் வெளியிட்ட நூல் 1795 முதல் 1834 வரையான இத்தகைய உள்வகைகளை அச்சு வாரியாக வரிசைப்படுத்தியது.

அருமை என்ற சொல்லை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். 1822ஆம் ஆண்டு 17,796 ஐந்து டாலர் காசுகள் அடிக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. இன்று அறியப்படுபவை மூன்று. குறைவாக அடித்ததால் அவை அரியவை ஆகவில்லை. காசின் பொன் மதிப்பு அதன் முகமதிப்பை விஞ்சியதால் அவை உலைக்குப் போயின. 1834இல் எடையைக் குறைத்த சட்டம் வந்தபோது எஞ்சிய பழைய காசுகளில் பலவும் உருகின. அருமை என்பது பெரும்பாலும் அடித்த அளவைப் பொறுத்ததன்று, தப்பிப் பிழைத்த அளவைப் பொறுத்தது. இந்த உண்மை தமிழகத்தில் வழங்கிய வராகன் என்ற பொற்காசுக்கும் அப்படியே பொருந்துகிறது.

சேலம், நாமக்கல் சமவெளி பொன் விளைந்த நாடு என்பதைவிடப் பொன் கடந்து சென்ற நாடு என்பதே பொருத்தம். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர், ஈரோடு, சங்ககிரி என்று வரும் பாதையும், வடக்கே மைசூர்ச் சீமையிலிருந்து தொப்பூர்க் கணவாய் இறங்கும் பாதையும், கிழக்கே ஆத்தூர் வழியாகக் கடற்கரைக்குச் செல்லும் பாதையும், தெற்கே நாமக்கல்லைத் தாண்டிக் காவிரியைக் கடந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் பாதையும் இங்கே சந்திக்கின்றன. ஆகவே மலையாளக் கரையின் பணமும், மைசூரின் பணமும், சென்னையின் வராகனும் ஒரே சந்தையில் கைமாறின.

இவற்றுள் மிகப் பழைய அடுக்கு ரோமானியக் காசுகள். கொங்கில் வெள்ளலூரும் கரூரும் புகழ்பெற்ற புதையலிடங்கள். சேலம் மாவட்டத்தின் கோனேரிப்பட்டியிலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. பேரரசர் அகஸ்டசின் பெயரர்கள் காயுசும் லூசியசும் கேடயங்களோடு நிற்கும் வகை தென்னிந்தியாவில் மிகுதி. அது பிரான்சின் லியோன் நகர நாணயச்சாலையில் பொன்னிலும் வெள்ளியிலும் அடிக்கப்பட்டது. கேடயங்களுக்கு மேலே ஒரு பூசைக் கரண்டியும் ஒரு வளைந்த கோலும் இருக்கும். கரண்டி இடப்பக்கமா வலப்பக்கமா, கோலின் வளைவு எத்திசை என்பதை வைத்தே அதன் உள்வகைகள் பிரிக்கப்படுகின்றன. இந்த அடுக்கைப் பற்றி நூல்கள் பல உள்ளன. இங்கே அதை விரிக்க வேண்டியதில்லை.

பிற்கால அடுக்கில்தான் சிக்கல் கூடுகிறது. பணம் என்ற பொற்காசு ஒரு கிராமில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எடையே உடையது. விரல் நுனியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவினது. அதை ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாது என்பதால், சிறு குழிகள் வரிசையாக வெட்டிய மரப்பலகைமேல் ஒரு கைப்பிடிப் பணத்தைக் கொட்டிக் குலுக்கி, குழிக்கு ஒன்றாகத் தங்கியதும் மிகுதியை வழித்துவிட்டு எண்ணும் முறை இருந்தது. மேற்குக் கரையிலிருந்து கொங்கெங்கும் பரவிய வீரராயன் பணத்தின் ஒரு புறத்தில் பன்னிரண்டு புள்ளிகள் வரிசையாக உண்டு. அவற்றுக்குக் கீழே உள்ள உருவம் நாளடைவில் வெறும் வளைவுகளாகச் சிதைந்துவிட்டது. அச்சு வில்லையைவிடப் பெரியது என்பதால் எந்த ஒரு பணத்திலும் முழு உருவம் விழுவதில்லை. ஒன்றில் புள்ளிகள் மட்டும், மற்றொன்றில் வளைவின் ஒரு பாதி மட்டும் தெரியும். பல பணங்களை அருகருகே வைத்து, மேற்பொருந்தும் பகுதிகளை இணைத்தால்தான் ஓர் அச்சின் முழு முகத்தை மீட்க முடியும்.

கண்டீரவப் பணத்தின் சிக்கல் வேறு. மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் நாணயச்சாலை நிறுவி வெளியிட்ட இப்பணத்தின் முன்புறத்தில் நரசிம்மரும் பின்புறத்தில் நாகரி எழுத்தில் மூன்று வரிகளில் மன்னர் பெயரும் உண்டு. அவர் மறைந்த பிறகும் அதே பெயரோடு பணம் அடிக்கப்பட்டது. 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர் திவான் பூர்ணையாவின் காலத்திலும் அது தொடர்ந்தது. பெயரைப் படித்துக் காலத்தை முடிவுசெய்பவர் இங்கே ஒன்றரை நூற்றாண்டு வரை தவற நேரிடும். முற்கால அடிப்பு அகன்று மெலிந்தும் பிற்கால அடிப்பு சிறுத்துத் தடித்தும் இருப்பதும், எழுத்தின் வெட்டு மாறுவதுமே பிரித்தறியும் வழி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிக்க தேவராஜ உடையார் காலத்தில் சேலம் பகுதி மைசூருக்குக் கீழ்ப்பட்டதால், இந்தப் பணம் இச்சமவெளியின் அன்றாடக் காசுகளுள் ஒன்றாயிற்று.

வராகன் என்பது பணத்தினும் பெரிய பொற்காசு. எடை சுமார் 3.4 கிராம். 18ஆம் நூற்றாண்டில் தென்னாட்டில் வழங்கிய வராகன்கள் பலவற்றின் பின்புறம் முழுவதும் மணல் தூவியதுபோல் சிறு மணிகள் நிறைந்திருக்கும். அந்த மணிகளின் நடுவே உள்ள ஒரே ஒரு குறிதான் வெளியிட்டவரைக் காட்டும். நடுவில் ஐந்து முனை விண்மீன் இருந்தால் அது சென்னைக் கம்பெனியின் காசு. தமிழில் பூவராகன் என வழங்கியது. பாரசீக எழுத்து ‘ஐன்’ இருந்தால் ஆற்காட்டு நவாபு முகமது அலியினுடையது. ‘ஹே’ இருந்தால் ஹைதர் அலியின் பகதூரி வராகன். 1763இல் பெத்தனூரை வென்ற ஹைதர், அங்கே இக்கேரி நாயக்கர்கள் அடித்துவந்த சிவ-பார்வதி உருவத்தை மாற்றாமல் முன்புறத்தில் வைத்துக்கொண்டு, பின்புறத்தில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்தார். திப்புவின் காலத்தில் உருவங்கள் நீங்கின. காசுகளுக்கு அகமதி, சாதிகி, பாரூகி என்று தனிப்பெயர்களும், வலமிருந்து இடமாகப் படிக்கும் ஆண்டெண்களும் வந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் 1921இல் வெளியிட்ட நூல் இவ்விரு ஆட்சியாளர்களின் காசுகளுக்கு இன்றும் அடிப்படை.

1792க்குப் பின் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் தாமஸ் மன்றோ, வில்லியம் மெக்லியாட், ஜேம்ஸ் கிரஹாம் ஆகியோர் இப்பகுதியில் நிலவரி வசூலை ஒழுங்குபடுத்தியபோது, கணக்கு வராகனில் நடந்தது. குடியானவர் கையிலோ கலவையான காசுகள் இருந்தன. ஒரு காசை இன்னொரு காசாக மாற்றும்போது கழிக்கப்படும் தொகைக்கு வட்டம் என்று பெயர். அந்த வட்டத்தை முடிவுசெய்தவர் நோட்டக்காரர். உரைகல்லில் மாற்றுப் பார்ப்பதோடு, காசின் அச்சைப் பார்த்தே இது எந்த நாணயச்சாலையுடையது, பழையதா புதியதா, போலியா என்று சொல்லத் தெரிந்தவர். இன்றைய ஆய்வாளர் உருப்பெருக்கி வைத்துச் செய்யும் வேலையின் பெரும்பகுதியை அவர் வெறுங்கண்ணால் செய்தார். அவருடைய அறிவு எந்த ஏட்டிலும் முறையாக எழுதப்படாமல் போனது தமிழ் நாணயவியலுக்கு நேர்ந்த பெரும் இழப்பு. 1800-01இல் தென்னாட்டைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், வட்டாரந்தோறும் வழங்கிய காசுகளையும் அவற்றின் மாற்று விலையையும் குறித்துச் சென்றதால், அதன் ஒரு சிறு பகுதியேனும் நமக்கு எஞ்சியது.

கையால் அடித்த பூவராகனில் அச்சுகளைப் பிரிப்பதற்கு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, விண்மீனின் முனைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்த மணிகளுக்கும் உள்ள உறவு: எந்த முனை எந்த மணியைத் தொடுகிறது, எந்த இரு மணிகள் ஒட்டிப்போயிருக்கின்றன என்பது அச்சுக்கு அச்சு மாறும். மற்றொன்று, முன்புறத்துத் திருமால் உருவத்தின் தோளும் ஆடைக் கோடுகளும். மணிகளின் அமைப்பு கைரேகைக்கு ஒப்பானது; ஒரு கைவினைஞர் அதை இரண்டாம் முறை அப்படியே குடைந்திருக்க முடியாது. ஆயினும் பட்டியல் நூல்கள் பூவராகனை ஒரே வகையாகக் காட்டி ஒன்றிரண்டு படங்களோடு நிறுத்திவிடுகின்றன. ஏறத்தாழ 1740களிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அடிக்கப்பட்ட ஒரு காசுக்கு இது போதவே போதாது.

19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னையில் இயந்திர அச்சடிப்பு வந்ததும் காட்சி மாறுகிறது. அப்போது வெளிவந்த இரட்டை வராகனும் ஒற்றை வராகனும் அகன்ற வட்டமான தட்டைக் காசுகள். முன்புறத்தில் அடுக்கடுக்கான கோயில் கோபுரம், இருமருங்கும் விண்மீன்கள், சுற்றிலும் ஒரு பட்டையில் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் காசின் மதிப்பு. பின்புறத்தில் தாமரையிலிருந்து எழும் திருமால், அவரைச் சூழ்ந்த புள்ளிகள், அவற்றுக்கு வெளியே தமிழிலும் தெலுங்கிலும் அதே மதிப்பு. நான்கு மொழிகள் ஒரே காசில் அமைந்த இவ்வரிசையில் வெள்ளியிலும் அரை வராகன், கால் வராகன் உண்டு; ஸ்பானிய டாலரின்மீதே மறுபடி அடிக்கப்பட்ட அரை வராகன்களில் பழைய டாலரின் எழுத்துத் தடம் கோபுரத்தின் அருகே மங்கலாகத் தெரிவதுண்டு.

கோபுரம் பொறித்த இந்த இரட்டை வராகனின் எடை சுமார் 5.9 கிராம், இரண்டு பழைய பூவராகன்களின் எடையோ 6.8 கிராம். எடை குறைந்ததால் மதிப்புக் குறைந்தது என்று எண்ணக்கூடாது. பூவராகனின் பொன் ஏறத்தாழ 80 விழுக்காடு தூய்மை உடையது; புதிய காசின் பொன் 91.6 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் அடங்கிய தூய பொன் ஏறக்குறைய 5.4 கிராமே. எடையை மட்டும் நிறுத்துப் பார்த்து இக்காசுகளை ஒப்பிடுவது எவ்வளவு தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இக்காசுகளிலும் ஆண்டு இல்லை. 1808 முதல் 1815 வரை என்று பட்டியல்கள் குறிக்கும் காலத்துக்குள் எது முன், எது பின் என்று கூற அச்சுகளே உதவ வேண்டும். கோபுரத்தைச் சூழ்ந்த விண்மீன்களின் எண்ணிக்கை அச்சுக்கு அச்சு மாறுகிறது. 18 விண்மீன்கள் கொண்டது பட்டியல்களில் தனியே குறிக்கப்படும் உள்வகை. எழுத்தின் பருமனும், திருமாலைச் சூழ்ந்த புள்ளிகளின் அடர்த்தியும் மாறுகின்றன. வெள்ளிக் காசுகளில் சுற்றுப்பட்டை சில அச்சுகளில் கொக்கியோடு அரைவார் வடிவிலும் சில அச்சுகளில் கொக்கி இல்லாமலும் இருக்கிறது. பிலடெல்பியாவில் விண்மீன்கள் இடம் மாறியதற்கும் சென்னையில் அவற்றின் எண்ணிக்கை மாறியதற்கும் காரணம் ஒன்றே: இயந்திரம் காசை அடித்தது, அச்சை வெட்டியது இன்னும் மனிதக் கை. பிரிட்மோர் 1975இல் வெளியிட்ட பெருந்தொகுதி கம்பெனிக் காசுகளின் உள்வகைகளுக்கு எண்ணிட்டு நிலைத்த பெயர் தந்தது. எனினும் அமெரிக்கக் காசுகளுக்குச் செய்யப்பட்டதுபோல் முன்புற அச்சு எது, அது எந்தப் பின்புற அச்சோடு இணைந்தது, வெடிப்பு எப்போது தோன்றியது என்ற அளவில் கோபுர வராகனுக்கு அச்சு வாரியான வரிசை அமைந்தாலொழிய அதன் காலக் கேள்வி தீராது.

1818 ஜனவரி 7ஆம் நாள் அறிவிப்பு சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயை நிலைக்காசாக்கியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்ற கணக்கில் பழைய கணக்குகள் மாற்றப்பட்டன. வரியாக வந்த வராகன்கள் சந்தைக்குத் திரும்பவில்லை, உருகிப் புதுக் காசாயின. பூவராகனும் கோபுர வராகனும் அரியவையாகத் தொடங்கியது அந்த நாளிலிருந்தே.

எத்தனை அச்சுகள் இழக்கப்பட்டன என்பதை மதிப்பிட ஒரு கணக்கு முறை உண்டு. கிடைத்த காசுகளை அச்சு வாரியாகப் பிரித்து, ஒரே ஒரு காசால் மட்டும் அறியப்படும் அச்சுகளை எண்ணினால் போதும். 50 காசுகளில் 5 மட்டுமே அவ்வாறு தனித்து நின்றால், அன்று அடிக்கப்பட்ட காசுகளில் பத்தில் ஒன்பது பங்கை அடித்த அச்சுகள் நமக்குத் தெரிந்துவிட்டன என்று கொள்ளலாம். 50இல் 40 தனித்து நின்றால், தெரிந்தது மிகச் சிறிது என்று பொருள். இந்த எளிய கணக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு: புதையல் முழுமையாக ஓரிடத்தில் இருந்து பதிவாக வேண்டும். நல்ல காசுகளைப் பொறுக்கி விற்ற பிறகு எஞ்சியதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

கம்பெனியின் பிற்காலப் பொற்காசுகளில் உள்வகைகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. 1835ஆம் ஆண்டு நான்காம் வில்லியம் மொகர் என்ற பொற்காசில், மன்னர் கழுத்தின் வெட்டுப்பகுதியில் நாணயச்சாலை அதிகாரிகளான ராபர்ட் சாண்டர்சின் முதலெழுத்துகளோ, ஃபோர்ப்சின் முதலெழுத்தோ இருக்கும், அல்லது எதுவும் இராது. 1841ஆம் ஆண்டு விக்டோரியா மொகரில் 4 என்ற எண்ணின் குறுக்குக்கோடு வெறுமனே முடிவதும், சிறு சிலுவைக் கோட்டோடு முடிவதும் தனித்தனி உள்வகைகள். சேலம், நாமக்கல் வீடுகளில் இவற்றைவிட அதிகம் தங்கியிருப்பது பவுன். பாட்டியின் காசுமாலையில் கோத்த ஆங்கிலச் சவரன். 1863 முதல் 1874 வரை லண்டனில் அடித்த கேடயச் சவரன்களின் பின்புறத்தில், மாலையின் முடிச்சுக்குக் கீழே அச்சின் வரிசை எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும். 1918ஆம் ஆண்டு மட்டும் பம்பாயில் அடித்த சவரனில் ஆண்டெண்ணுக்கு மேலே தரைக்கோட்டின் நடுவில் ஒரு சிறு ‘ஐ’ இருக்கும். காசுமாலைக்குப் பற்றவைத்த வளையம் எடையைக் கூட்டி, விளிம்பைக் கெடுத்துவிடுவது உண்மை. ஆனால் அச்சின் நடுப்பகுதி பெரும்பாலும் படிக்கக்கூடியதாகவே எஞ்சுகிறது.

இத்துறையில் அடித்தளமிட்ட நூல்கள் பல உள்ளன. வால்டர் எலியட்டின் 1886ஆம் ஆண்டுத் தொகுப்பு, எட்கர் தர்ஸ்டன் 1890இல் எழுதிய கம்பெனி நாணய வரலாறு, தேசிகாச்சாரி 1933இல் வெளியிட்ட தென்னிந்தியக் காசு நூல், சங்ககாலக் காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1997இல் வெளியிட்ட நூல் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை வகைகளை நன்கு நிலைநாட்டின. கிருஷ்ணமூர்த்தி ஆற்றுப்படுகையில் கிடைத்த சின்னஞ்சிறு செப்புக் காசுகளில் எழுத்தைத் தேடிப் படித்த பொறுமை, கொல்லிமலையின் பெயரைத் தாங்கிய சேரர் காசுகளை வெளிக்கொணர்ந்தது. நாமக்கல் மண்ணின் பெயர் காசில் எழுதப்பட்டிருந்தது என்பதை அதன் பிறகே உலகம் அறிந்தது. அதே பொறுமை வராகனுக்கும் பணத்துக்கும் செலவிடப்பட வேண்டும். வகைகளை மேலும் கண்டுபிடிப்பதைவிட, அறிந்த வகைகளின் அச்சுகளை எண்ணுவதும், அந்த அச்சுகள் எந்த ஊரில் கிடைத்தன என்று நிலப்படத்தில் குறிப்பதும் இனி முதன்மையான பணி. மேற்குப் பாதையில் வந்த பணம் சங்ககிரியோடு நின்றதா, ஆத்தூர் வரை சென்றதா என்பது போன்ற கேள்விக்கு விலைப்பட்டியல் விடை தராது. கிடைத்த இடம் தெரிந்த காசு தரும்.

சந்தையில் அரிய உள்வகைக்குத் தரும் விலையே இன்று இந்த அறிவுக்கு எதிராகவும் வேலை செய்கிறது. விலை தெரிந்தவர் புதையலைப் பிரிக்கிறார், தெரியாதவர் உருக்குகிறார். இரண்டாலும் கிடைத்த இடம் மறைகிறது. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எந்தப் பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். கிணறு வெட்டும்போதோ பழைய வீட்டை இடிக்கும்போதோ காசு கிடைத்தால், அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்ப்பில் முதலில் போவது அச்சின் நுண்கோடுகளே. கிடைத்த இடத்தையும் பானையையும் அப்படியே விட்டு, காசுகள் அனைத்தையும் ஒன்றாக வைத்து, இருபுறமும் படமெடுத்து, ஆட்சியர் அலுவலகத்துக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ உடனே தெரிவிக்கும்படி இப்பகுதி மக்களைக் கேட்டுக்கொள்வது இக்கட்டுரையின் கடமை.